நாவலும் நாலு பேரும்

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

நம் நாட்டிலே மனிதனை அடக்கி வைக்க ஆண்டவன் பெயரைவிட அதிகமாகப் பயன்பட்ட வாசகம் இதுதான். கைம்பெண் மறுமணம் புரிய எண்ணினால் நாலு பேர் வந்து நிற்பர். சாதி கடந்து காதலித்தால் நாலு பேர். பெண்ணொருத்தி மேற்படிப்புக்குப் பெட்டியைக் கட்டினால், அப்போதும் அதே நாலு பேர்! அந்த நால்வர் யார், எத்தெருவிலே குடியிருக்கின்றனர், எவரிடம் அதிகாரம் பெற்றனர் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் அதே நாலு பேர் ஒரு நாள் கூடி அமர்ந்து, நடுவிலே ஒரு கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, 'இவள் செய்தது தவறா? அவன் செய்தது முறையா? ஆசிரியர் இங்கே நழுவிவிட்டாரே, ஏன்?' என்று வழக்காடத் தொடங்கினால் என்ன நேரும்? ஊர் வாய்க்கு அஞ்சியவர்கள் தம் வாயைத் திறந்த கதை அது. அதனைச் சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

நாவல் எழுதியவர்களுக்கு வரலாறு உண்டு. பிறந்த ஊர், பெற்ற பரிசு, நூற்றாண்டு விழா, அஞ்சல் தலை எல்லாம் உண்டு. நாவலைப் படித்தவர்களுக்கு வரலாறு எங்கே? விளக்கை ஏற்றி வைத்தவன் பெயரைக் கல்லிலே வெட்டுகிறோம். அந்த வெளிச்சத்திலே வழி கண்டு நடந்தவர்களைக் கணக்கிலே சேர்ப்பதில்லை. ஆய்வறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2002-ஆம் ஆண்டிலே 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலை வெளியிட்டு, தமிழர் கூடிப் படித்த காலத்தையும், பின்னர் வாய்க்குள்ளே தனித்துப் படிக்கப் பழகிய காலத்தையும் ஆராய்ந்தார். அவர் திறந்து வைத்த வாசல் வழியே நுழைந்து, நம் கரிசல் சீமைக்கு வந்து சேருவோம்.

நாவல் வருமுன் தமிழகத்திலே கதை இல்லாமலா இருந்தது? திண்ணைதோறும் இருந்தது! எழுத்தறிந்த ஒருவர் அகல் விளக்கின் முன்னே அமர்ந்து பெரிய எழுத்துப் பதிப்பை உரக்கப் படிப்பார். சுற்றியிருந்த ஐம்பது பேர் கேட்பர். அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை. இந்த நல்லதங்காள் நமக்கு அண்டை வீட்டுக்காரி. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள அர்ச்சுனாபுரம்தான் அவள் பிறந்த ஊர் என்பர். அங்கே அவளுக்குக் கோயிலும் உண்டு. பஞ்சம் பிழைக்கத் தாய்வீடு வந்தவளை அண்ணன் மனைவி விரட்டினாள். ஏழு குழந்தைகளையும் கிணற்றிலே வீசிவிட்டுத் தானும் வீழ்ந்தாள். கேட்ட பெண்கள் எல்லாம் மாரடித்து அழுதனர். தலைமுறை தலைமுறையாக அழுதனர். ஆயினும், 'அண்ணன் வீட்டு நெல்லிலே தங்கைக்குப் பங்கு ஏன் இல்லை? பிறந்த வீட்டுச் சொத்திலே பெண்ணுக்கு உரிமை இருந்தால் இந்தக் கிணறு தேவைப்பட்டிருக்குமா?' என்று அந்தத் திண்ணையிலே ஒரு குரல் எழுந்ததா? எழ இடமில்லை. கதை முன்பே முடிந்துவிட்ட ஒன்று. விதி எழுதிவிட்ட ஒன்று. அங்கே கேட்பவருக்குக் கண்ணீர் விடும் உரிமை மட்டுமே வழங்கப்பட்டிருந்தது.

1879-லே மாயூரத்து முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதல் நாவல். அதிலே கணவனைவிடக் கூரிய அறிவுடையவளாக ஞானாம்பாள் வருகிறாள். ஆணுடை தரித்து நாட்டையே ஆளுகிறாள்! வத்தலக்குண்டு ராஜமய்யர் 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழிலே தொடர்ந்து எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' 1896-லே நூலாயிற்று. 1898-லே மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்'. மூன்றுக்கும் பெயரிலே 'சரித்திரம்' இருப்பதை வாசகர்கள் மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும். அதுவரை மன்னருக்கும் தேவருக்கும் உரியதாக இருந்த அச்சொல்லை, சோறு தின்று, சண்டையிட்டு, கடன் வாங்கி வாழும் மனிதருக்குச் சூட்டிய துணிவிலே ஒரு சிறு புரட்சி ஒளிந்திருந்தது. நம்மைப்போன்றவர் நடமாடும் கதையிலே, நம்மைப்போலவே தவறும் செய்கின்றனர். தவறு செய்தால் வழக்கு உண்டு. வழக்கு உண்டென்றால் தீர்ப்புச் சொல்ல நாலு பேர் வேண்டுமே!

உடனே பதறியது பழமை. நாவல் படித்தால் ஒழுக்கம் கெடும், பெண்கள் படித்தால் குடும்பமே கெடும் என்றது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் துப்பறியும் கதைகளைக் குவித்த 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியிலே அந்தக் கூச்சல் உச்சிக்கு ஏறியது. அக்கதைகள் பலவும் ஆங்கிலச் சரக்கைத் தமிழ்ச் சட்டையிட்டு நடமாட விட்டவை. அவற்றை இலக்கியச் சிகரம் என்று நாமும் கூறமாட்டோம். ஆனால் புராணத்திலே இந்திரனும் அகலிகையும் நடத்திய நாடகத்தைப் பெண்கள் கேட்டால் புண்ணியம், நாவலிலே ஒருத்தி காதற்கடிதம் எழுதியதைப் படித்தால் பாவம் என்ற நியாயம் மட்டும் நமக்கு விளங்கவில்லை.

இந்தக் கூச்சலுக்கு நடுவிலேதான் வை. மு. கோதைநாயகி அம்மையார் வந்தார். 1901-லே பிறந்து, பால் மணம் மாறாத வயதிலே மணமுடிக்கப்பட்டு, பள்ளிக்கூட வாசலையே மிதியாதவர். முதலிலே எழுதவும் வராது. அவர் வாயாற் சொல்ல, பட்டம்மாள் என்னும் தோழி ஏட்டிலே எழுதினார். அப்படிப் பிறந்தது முதல் நூல். 1925-லே 'ஜகன்மோகினி' இதழைத் தம் பொறுப்பிலே ஏற்று நடத்தலானார். 115 நாவல்கள் படைத்தார். அவருடைய முடிவுகளிலே பக்தி வாடை வீசும். நமக்கும் அவற்றுக்கும் ஒத்து வராது. ஆனால் ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதினாளே, அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள். சமையற்கட்டுக்கும் கொல்லைப்புறத்துக்கும் இடையே இரு பெண்கள் நடத்திய அந்தச் சிறு அவையிலே, 'நாலு பேர்' என்ற சொல்லுக்கு முதன்முறையாகப் பெண்பால் கிடைத்தது.

சரி, சென்னையிலே மயிலையும் திருவல்லிக்கேணியும் நாவல் படித்துக்கொண்டிருந்த அந்நாளிலே நம் சீமை என்ன செய்துகொண்டிருந்தது?

தெருவிலே நடக்கும் உரிமைக்கும் கோயிலிலே நுழையும் உரிமைக்கும் அடிபட்டுக்கொண்டிருந்தது. 1899 ஜூனிலே சிவகாசியிலே வீடுகள் எரிந்தன, உயிர்கள் வீழ்ந்தன. சிவகாசிக் கொள்ளை என்று இன்றும் பேசப்படுகிறது. கமுதிக் கோயிலிலே நாடார்கள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-லே அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கடவுளின் கதவும் சாத்தப்பட்டது, சட்டத்தின் கதவும் சாத்தப்பட்டது. அப்போது அம்மக்கள் செய்த அறிவார்ந்த செயல் ஒன்றுண்டு. மகமை என்று வணிகத்திலே சிறு பங்கு ஒதுக்கினர்; வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைத்தனர்; பள்ளிக்கூடம் கட்டினர்! விருதுபட்டியின் சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்தது. காமராசர் அமர்ந்த பலகை அங்கேதான் இருந்தது. பள்ளியின் பெயரிலே 'சத்திரிய' என்ற சொல் எதற்கு என்று நாம் இன்று முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டு, அரிசிப் பானையிலிருந்து எழுத்தை எடுத்த அந்தத் தாய்மாரை எண்ணித் தலையும் தாழ்த்தலாம்.

1923-லே விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. 1931 ஆகஸ்டிலே அந்நகரிலே மூன்றாவது சுயமரியாதை மாநாடு ஆர். கே. சண்முகம் தலைமையிலே கூடியது. இரு நாள் பேசிவிட்டுக் கலைந்த கூட்டமாக அது முடிந்துவிடவில்லை. அதைப் போன்ற மாநாடுகளின் பின்னாலே ஊர் ஊராகப் படிப்பகங்கள் முளைத்தன. ஓலைக் கூரை, ஒரு நீள்விசிப் பலகை, சுவரிலே தலைவர் படம், கயிற்றிலே தொங்கும் ஏடுகள். கட்டணம் இல்லை, சாதி கேட்பாரில்லை. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். பழைய திண்ணை வழக்கமேதான். ஒரு வேறுபாடு மட்டும். இங்கே படித்து முடித்ததும் கேட்டவர்கள் எழுந்து போய்விடுவதில்லை. கேள்வி கேட்டனர்! கண்ணீருக்கு மட்டும் உரிமை பெற்றிருந்தவர்கள் வாதத்துக்கும் உரிமை பெற்றனர்.

வாதிடப் பொருளும் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-லே 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். பொட்டுக்கட்டும் கொடுமையை வெளியே நின்று வருணித்தவரல்லர் அவர். அந்தக் குலத்து இழிவை உள்ளிருந்தே கண்டு, உதறி எழுந்தவர். நாவல் என்ற முறையிலே அது நீளமானது, பேச்சு மிகுந்தது, கதை அடிக்கடி மேடையாகிவிடுகிறது என்று குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் தேவதாசி முறை தெய்வப் பணியா, பெண்ணடிமையா என்று நாடு வழக்காடிய காலத்திலே, வழக்கின் சான்றாவணமாக ஒரு நாவல் வந்து நின்றது. சென்னை மாகாணத்திலே தடைச்சட்டம் 1947-லே நிறைவேறியது. பின்னர் அண்ணாவின் 'ரங்கோன் ராதா', சொத்துக்காக மனைவியைப் பேய் பிடித்தவள் என்று கதை கட்டும் கணவனைத் தோலுரித்தது. 1956-லே திரைப்படமாகவும் வந்தது. பேயோட்டும் பூசாரியிடம் மனைவியை இழுத்துச் செல்ல எண்ணியவன், ஊரிலே நாலு பேர் அந்தக் கதையைப் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் சற்றுத் தயங்கத்தானே வேண்டும்!

அந்த 1950-களைப் பற்றி நம் பெரியவர்கள் பேசக் கேட்கவேண்டும். வார இதழ் வரும் நாளிலே புகைவண்டி நிலையத்துக்கே சென்று காத்திருந்தவர்கள் உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடர்ந்த ஆண்டுகளிலே, ஒரு வீட்டுப் பிரதி ஒரு தெருவையே சுற்றிவரும். பக்கங்களைப் பிரித்தெடுத்து, சேர்த்து, தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொள்வர். காண்டேகரின் மராத்தி நாவல்களைக் கா. ஸ்ரீ. ஸ்ரீ. தமிழிலே தர, கல்லூரி மாணவர் அவற்றை நெஞ்சிலே சுமந்து திரிந்தனர். மு. வரதராசனாரின் நாவல்கள் திருமணப் பரிசாகவே வழங்கப்பட்டன. வெள்ளிக் குங்குமச்சிமிழ் இருந்த இடத்திலே 'கள்ளோ காவியமோ'! அவருடைய 'அகல் விளக்கு' 1961-லே சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். அந்நாளைய இளைஞர் பலர் படித்ததை விவாதித்தனர் என்பது உண்மை. பலர் படித்ததை மனப்பாடம் செய்தனர் என்பதும் உண்மை. அடுக்குமொழியை ஒப்புவித்துவிட்டு, 'அடடா, நடை!' என்று வியந்ததோடு நின்றவர்களும் நம் படிப்பகங்களிலே இருந்தனர். சிலையை வணங்காதவன் சொல்லை வணங்கினால் அதற்கு என்ன பெயர்? கும்பிடும் கை ஒன்றுதான். எதிரே இருக்கும் பொருள்தான் மாறியிருக்கிறது.

வணங்காமல் வழக்காடிய வாசகர்களைத் தமிழகம் முழுமையாகக் கண்டது 1966-லே. அந்த ஆண்டு 'ஆனந்த விகடன்' இதழிலே ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வெளியாயிற்று. கதையை அறியாதவர் சிலரே. மழை பெய்யும் மாலை. பேருந்துக்கு நிற்கும் கல்லூரி மாணவி. வந்து நிற்கிறது ஒரு பெரிய கார். ஏற்றிச் செல்கிறான் முகமறியாதவன். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள் அவள். தாயிடம் சொல்கிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகள் தலையிலே குடம் குடமாக நீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய், இதை எவரிடமும் சொல்லாதே என்று தேற்றுகிறாள். அவ்வளவுதான் கதை.

கிளம்பியது புயல்! கற்பு போயிற்று, பண்பாடு போயிற்று, ஆசிரியனுக்குத் தண்டனை இல்லையா என்று ஒருபுறம். அந்தத் தாய்தான் தாய், தீயிலே இறக்கிப் பார்த்த பழைய காவியத்துக்கு ஒரு குடம் நீரிலே விடை சொன்னாள் என்று மறுபுறம். கடிதங்கள் குவிந்தன. முடிவை மாற்றிக் கதை எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. இல்லங்களிலே கணவனும் மனைவியும் இரு கட்சியாயினர். இதைவிட வியப்பு அதன் பின்னே நேர்ந்தது. ஆசிரியர் அந்த வாசகர்களின் கேள்வியையே கையிலெடுத்தார். அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல், கூக்குரலிட்டு, செய்தி நாலு பேருக்கும் தெரிந்துவிட்டிருந்தால்? அந்தப் பெண்ணின் கதி என்ன? விடையாக ஒரு நாவலே எழுந்தது. 'தினமணி கதி'ரிலே தொடராக வெளிவந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்'.

அந்நாவலிலே கங்கா வேலைக்குப் போகிறாள், பேருந்திலே இடிபடுகிறாள், ஆதரவு தருவதாகச் சொல்லும் மாமனின் இழிந்த நோக்கைச் சமாளிக்கிறாள். பிறகு ஒரு நாள் வார இதழிலே ஒரு கதை படிக்கிறாள். அவளுடைய கதையேதான்! அதிலே வரும் தாய் மட்டும் தலையிலே நீரூற்றி மகளை மீட்டுவிடுகிறாள். கதைக்குள்ளேயே ஒரு வாசகி. வாசகியே கதையின் தலைவி. தன் தாய் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று அவள் கேட்கும்போது, கடிதம் எழுதிக் கண்டித்த அத்தனை கற்புக் காவலரும் கூண்டிலே ஏற்றப்பட்டுவிடுகின்றனர். 'அந்த நாலு பேர் நீங்கள்தாம்' என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

நூலுக்கு 1972-லே சாகித்திய அகாதமிப் பரிசு. 1977-லே பீம்சிங் இயக்கிய படம். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. பகுத்தறிவு இயக்கத்தை மேடைகளிலே கடுமையாகச் சாடியவர் ஜெயகாந்தன். அதற்காக நாம் அவர் நாவலைப் படிக்காமல் இருந்துவிட முடியுமா? ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்திலே வளர்ந்து, அச்சகத்திலே வேலை பார்த்தவர். எழுத்துக் கோத்த கை எழுதத் தொடங்கியபோது, பட்டதாரிகள் பதில் சொல்ல முடியாமல் திணறினர்.

அச்சகம் என்றதும் நம் கால் தானாகவே சிவகாசிக்குத் திரும்புகிறது.

1922-லே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டுத்தாள் வேண்டும். ஒட்டுத்தாளுக்கு அச்சகம் வேண்டும். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசு. பட்டாசுக்கும் வண்ணத் தாள். இப்படி வறண்ட கரிசலிலே மூன்று தொழில்கள் கைகோத்து எழுந்தன. 'குட்டி ஜப்பான்' என்று புகழ் பரவியது. நாட்காட்டி, நாட்குறிப்பு, பள்ளிக் குறிப்பேடு என்று இந்தியா முழுவதற்கும் அச்சிட்டு அனுப்பும் ஊர். (நாட்டுக்கெல்லாம் இராகு காலமும் எமகண்டமும் அச்சிட்டு அனுப்புகிற இயந்திரம், தான் மட்டும் இராகு காலத்திலே நிற்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்!) 1963-லே அங்கே அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி எழுந்தது, விருதுநகரிலே செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-லேயே எழுந்திருந்தது. தொழிலிலே ஈட்டியதைக் கல்வியிலே விதைத்தனர், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் குறிப்பேட்டுக்குக் கோடு போட்ட ஊரிலே, குறிப்பேடே காணாத குழந்தைகள் இருந்தனரே! 1980-களிலே பொழுது புலருமுன் பேருந்துகள் கிராமம் கிராமமாகச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றி வந்தன. சட்டத்திலே குச்சி அடுக்கும் விரல்கள். பெட்டிக்குத் தாள் ஒட்டும் விரல்கள். அத்தாளிலே மயிலும் மானும் திரைப்பட நாயகனும் இருந்தனர், எழுத்தும் இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் முறை அதே எழுத்தைத் தொட்டும், அது என்ன எழுத்து என்று அறியாத விரல்கள்! 1990-லே சலம் பென்னூர்க்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அக்காட்சியை உலகுக்குக் காட்டியது. 1986-லே குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1996 டிசம்பரிலே, சிவகாசியை முன்வைத்துத் தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இன்று நிலை பெரிதும் மாறியிருக்கிறது. எனினும் எம் வகுப்பிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தாய்மார் பலர், அந்நாளிலே அந்தப் பேருந்திலே ஏறியவர்கள். கையொப்பம் இட அவர்கள் பேனாவைப் பிடிக்கும் விதத்திலேயே அது தெரிந்துவிடும்.

கடல் கடந்து ஒரு காட்சியைக் காண்போம். கியூபாத் தீவின் அவானா நகரத்திலே 1865-லே சுருட்டுத் தொழிலாளர் ஓர் ஏற்பாடு செய்தனர். சுருட்டுச் சுற்றும் வேலை ஓசையற்றது. கை உழைக்கும், காது சும்மா இருக்கும். ஆகவே தம் கூலியிலே ஆளுக்குச் சிறிது கொடுத்து ஒருவரை அமர்த்தி, வேலை நடக்கும்போதே செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிக்கச் செய்தனர். எந்த நாவல் என்பதைத் தொழிலாளரே தீர்மானித்தனர். மறு ஆண்டே ஆட்சியாளர் தடை போட்டனர். தொழிலாளி நாவல் கேட்டால் ஆட்சி ஏன் அஞ்சவேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. தடையைத் தாண்டி அவ்வழக்கம் நிலைத்தது. டூமாவின் நாவலை அவர்கள் அவ்வளவு விரும்பிக் கேட்டதனாலே 'மாண்டிகிறிஸ்டோ' என்றே ஒரு சுருட்டுக்குப் பெயர் வந்தது என்பர். நம் அண்டையிலே, கேரளத்துக் கண்ணூரின் பீடித் தொழிலாளரும் இவ்வாறே ஒருவர் படிக்கப் பலர் கேட்டு வேலை செய்தனர். பீடி சுற்றியபடியே உலகச் செய்தியை அலசினர். சுருட்டுச் சுற்றியவன் நாவல் கேட்டான், பீடி சுற்றியவன் நாவல் கேட்டான். அவற்றைப் பற்ற வைக்கும் தீக்குச்சியை அடுக்கிய நம் சிறுமிக்கு மட்டும் யாரும் ஒரு வரி படித்துக் காட்டவில்லை.

படிக்கும் உரிமைக்குச் சட்டம் துணை நின்றதையும் சொல்லவேண்டும். இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை, ஆண்டு 1948. அதன் பின்னே நின்ற அறிவு சீர்காழியிலே பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனுடையது. அதற்கு முன்பே, 1931-லே, மன்னார்குடி வட்டாரத்திலே மாட்டுவண்டியிலே புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். தேர் வரும் தெருவிலே புத்தகம் வந்தது!

படித்துவிட்டு எதிர்ப்பவனை மதிக்கலாம். படிக்காமலே எதிர்க்கும் நாலு பேர் இருக்கின்றனரே, அவர்கள் இக்காலத்திலும் சாகவில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-லே வந்தது. நான்கு ஆண்டு எவரும் கொதிக்கவில்லை. 2014 டிசம்பரிலே திருச்செங்கோட்டிலே நூலைக் கொளுத்தினர், கடையடைப்பு நடத்தினர், கையிலே நாவல் இல்லை, சில பக்கங்களின் நகல் இருந்தது. 2015 ஜனவரியிலே, இனி எழுதப்போவதில்லை, எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவிக்கும் நிலைக்கு ஆசிரியர் தள்ளப்பட்டார். 2016 ஜூலையிலே சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தின் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. குழந்தை இல்லாத தம்பதியை ஊர் வாய் படுத்தும் பாடுதான் அந்நாவலின் கரு. ஊர் வாயைப் பற்றி எழுதியவனை ஊர் வாயே விழுங்கப் பார்த்தது!

இதற்கு நேர் மாறான நிகழ்ச்சி நம் மாவட்டத்திலேயே உண்டு. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி. நல்லதங்காளின் அர்ச்சுனாபுரத்துக்கு அண்டை. அங்கே பிறந்த பாமா 1992-லே 'கருக்கு' வெளியிட்டார். பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கு. தலித் கிறித்தவப் பெண்ணின் வாழ்வும் இருபுறமும் அறுபட்டது. வயது முதிர்ந்த ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கையாலே தொடாமல் கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்று மேல்சாதிக்காரரிடம் நீட்டுகிறார். பார்த்த சிறுமி சிரிக்கிறாள். காரணம் தெரிந்ததும் சிரிப்பு நெருப்பாகிறது. பேச்சுத் தமிழிலேயே எழுதினார். பண்டிதர் முகம் சுளித்தனர். அடுத்து வந்த 'சங்கதி'யிலே தீப்பெட்டி ஆலைக்குப் போகும் சிறுமியும் வந்து சேர்ந்தாள்.

பண்டிதர் சுளித்ததிலே வியப்பில்லை. ஊராரும் சினந்தனர். எங்கள் வீட்டுச் சங்கதியை எல்லாம் எழுதி அவமானப்படுத்திவிட்டாள் என்றனர். சில மாதங்கள் அவர் தம் ஊருக்குள்ளேயே செல்ல இயலவில்லை. பிறகு நூலைப் படித்த அவ்வூர் இளைஞர்கள், அதிலே என்ன இருக்கிறது, எதற்காக எழுதப்பட்டது என்பதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். ஊர் மனம் மாறியது. நீதிமன்றமும் வேண்டியிருக்கவில்லை, காவல் துறையும் வேண்டியிருக்கவில்லை. படித்த நாலு பேர் போதுமானதாக இருந்தது.

பாமாவின் தமையனார், காலஞ்சென்ற ராஜ் கௌதமன், 2002-லே அதே புதுப்பட்டியைக் களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதினார். பெயர் 'சிலுவைராஜ் சரித்திரம்'. முன்னர் குறித்துக்கொள்ளச் சொன்னோமே! 1879-லே முதலியாருக்குக் கிடைத்த 'சரித்திரம்', 1896-லே அக்கிரகாரத்துக் கமலாம்பாளுக்குக் கிடைத்தது. கரிசல் காட்டுச் சேரிச் சிறுவனை வந்தடைய நூறாண்டுக்கு மேல் பிடித்தது. பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் அலைகிறான் சிலுவைராஜ். கிறித்தவனாக இருப்பதால் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. 1950-ஆம் ஆண்டு ஆணை அப்படி. சான்றிதழுக்காக, நம்பாத மதத்தை விட்டு, நம்பாத மற்றொரு மதத்துக்கு மாறுகிறான்.

அண்மையிலே நம் பகுதி நூலகம் ஒன்றிலே இந்நாவலைப் படித்த இளைஞர் நால்வர் மாலை முழுதும் வழக்காடக் கேட்டோம். வயிற்றுக்காகக் கொள்கையை விற்றுவிட்டான் என்றார் பட்டாசு ஆலைக் கணக்கர் ஒருவர். இல்லாத கொள்கையை எப்படி விற்பது, அவன் விற்றது ஒரு முத்திரைத் தாளை என்றார் ஆசிரியப் பயிற்சி மாணவி. சட்டம் மனிதனைப் பொய் சொல்ல வைத்தால் குற்றவாளி சட்டமா, மனிதனா என்று கேட்டார் மூன்றாமவர். நாலாமவர் அச்சகத்திலே இரவுப் பணிக்குச் செல்பவர். இன்னும் நூறு பக்கம் பாக்கி, முடிவைச் சொல்லிக் கெடுக்காதீர்கள் என்று அதட்டிவிட்டு, புத்தகத்தை நூலகரிடம் மறுபதிவு செய்து வாங்கிக்கொண்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று மிதிவண்டியை எடுத்தார்.